ராவிய பல் திரும்பி வராது

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், 1973–74 புகுமுக வகுப்பு மாணவரும் பல் மருத்துவருமான நண்பர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. – மலர்க் குழு)

 

போன வாரம் செயலாளர் போனில் கூப்பிட்டார். "மதியச் சாப்பாட்டுக்கு முன்னால உனக்கு இருபது நிமிஷம். பல்லைப் பத்திப் பேசு. ஆனா யாரையும் பயமுறுத்திடாதே, அன்னிக்கு பிரியாணி" என்றார். பயமுறுத்த மாட்டேன். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தில் ஊசி கிடையாது, கொறடு கிடையாது, ரத்தம் கிடையாது. உடைந்த பல்லை, கறை பிடித்த பல்லை, சந்து விழுந்த பல்லை ஒட்டியும் பூசியும் சரிசெய்யும் முறை. ஆங்கிலத்தில் இதை பாண்டிங் என்பார்கள். நம் ஊரில் "லைட் அடிச்சு ஒட்டறது" என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

இதைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், இதை உரிய நேரத்தில் செய்யாமல் விட்டு ஒரு பெரிய தப்பு பண்ணியவன் நான். அந்தத் தப்புக்கு ஆளானவர் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நம் விடுதித் தோழர். "பேரைச் சொல்லாதே, மத்ததெல்லாம் சொல்லிக்கோ" என்று நேற்று ராத்திரி அனுமதி கொடுத்துவிட்டார். நீங்கள் யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். பார்த்தால் அவர் சிரித்துவிடுவார், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் அந்தக் கதை.

நான் இங்கே பி.யூ.சி. முடித்து, சென்னையில் பி.டி.எஸ். படித்து, 1981இல் நம் ஊரிலேயே கிளினிக் வைத்தேன். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டெரிலைசர், வாசலில் ஒரு பெஞ்சு. 1984இல் இந்த நண்பர் வந்தார். பழைய மாணவர்கள் கபடி ஆடியதில் ஒருவர் முழங்கை இடித்து, மேல் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்துவிட்டது. பெரிய உடைவு இல்லை. ஒரு அரிசி அளவு சில்லு. வலி இல்லை, கூச்சம்கூட லேசாகத்தான். ஆனால் அடுத்த மாசம் கல்யாணம். "டேய், போட்டோல ஓட்டைப் பல்லா விழக் கூடாதுடா" என்றார்.

அப்போதே என் அலமாரியில் காம்போசிட் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு பசையைக் கலந்தால் தானாக இறுகும் பழைய ரகம். அதை எடுத்து அரை மணி நேரத்தில் அந்தச் சில்லைக் கட்டியிருக்கலாம். எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. 'இது கறை பிடிக்கும், உதிரும். நண்பன் கல்யாணம், நல்லதா, கெட்டியா செய்யணும்' என்று நினைத்தேன். அதனால் என்ன செய்தேன்? நல்ல பல்லைச் சுற்றிலும் பென்சில் சீவுகிற மாதிரி ராவி, குச்சி போல நிறுத்தி, அதன் மேல் மெட்ராஸ் லேபில் செய்து வந்த பீங்கான் தொப்பியை மாட்டினேன். கேப் என்கிறோமே, அதுதான். கல்யாண போட்டோவில் பிரமாதமாக இருந்தது. நானே பார்த்துப் பெருமைப்பட்டேன்.

1987இல் அந்தப் பல்லுக்கு மேல் ஈறு வீங்கியது. ராவிய சூட்டிலும் அதிர்ச்சியிலும் உள்ளே நரம்பு செத்துப் போயிருந்தது. ரூட் கெனால் செய்தேன். 1996 தீபாவளிக்கு முறுக்கு கடித்தார், மிச்சமிருந்த குச்சி வேரோடு பிளந்தது. பிடுங்கினேன். அந்த இடத்தை மூட பிரிட்ஜ் கட்ட வேண்டும். பிரிட்ஜ் நிற்க இரண்டு பக்கமும் தூண் வேண்டுமே? அடிபடாத இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவினேன். ஒரு அரிசி அளவு சில்லில் ஆரம்பித்த கணக்கு, மூன்று பல்லில் வந்து நின்றது.

இதில் நான் பாடப் புத்தகத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்குப் பலரும் செய்தது அதுதான். நாங்கள் கற்றுக்கொண்ட சித்தாந்தம் அப்படி. ஜி.வி. பிளாக் என்ற அமெரிக்க மேதை 1908இல் வெளியிட்ட நூல்தான் பல தலைமுறைகளுக்கு எங்கள் வேதம். சொத்தை இருக்கிற இடத்தோடு நிற்காதே, பக்கத்தில் சொத்தை வரக்கூடிய நல்ல இடத்தையும் சேர்த்து வெட்டு என்பது அவர் வகுத்த விதி. அவர் காலத்துக்கு அது நியாயம். காரணம், வெள்ளிக் கலவை பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமும் வாய்ப்பக்கம் குறுகலுமாகக் குழி வெட்டினால்தான் உட்கார்ந்திருக்கும். பானைக்குள் போட்ட உருண்டை மாதிரி. அடைக்கிற பொருளுக்காகப் பல் இடம் கொடுக்க வேண்டும். பல்லுக்காகப் பொருள் வளைந்து கொடுக்காது.

இந்த விதியைத் திருப்பிப் போட்டவர் மைக்கேல் புவனோகோர் என்பவர். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தொழிற்சாலைகளில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கும் முன், பெயிண்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பார்கள். அதையே பல்லில் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை முன்பல்லில் 30 வினாடி தடவிக் கழுவிவிட்டு, ஒரு சொட்டு அக்ரிலிக் வைத்தார். சும்மா வைத்த சொட்டு சராசரியாக 11 மணி நேரத்தில் விழுந்தது. அமிலம் தடவிய பல்லில் வைத்தது 1,070 மணி நேரம் நின்றது. நாற்பது நாளுக்கு மேல்! 1955இல் இதை வெளியிட்டார். சில பக்கக் கட்டுரை. பல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

நம் கெமிஸ்ட்ரி லேபில் அமில பாட்டிலைத் தொட்டாலே டெமான்ஸ்ட்ரேட்டர் அதட்டுவாரே, அந்த அமிலத்தைப் பல்லில் தடவலாமா என்று கேட்பீர்கள். இப்போது நாங்கள் பயன்படுத்துவது 35 முதல் 37 சதவீதம் உள்ள நீல நிறக் கூழ். 15 முதல் 30 வினாடிதான். பல்லின் மேல் ஓடான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். அமிலம் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் விழும். பழைய சுவரில் புதுப் பூச்சு பூசும் முன் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுகிறார் அல்லவா? கொத்தாமல் பூசினால் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதே வேலைதான் இது. அந்தக் கொத்தனார் சுத்தியலால் கொத்துவதை நாங்கள் அமிலத்தால், தலைமுடியைவிட நுணுக்கமாகக் கொத்துகிறோம். அந்தத் துளைகளுக்குள் பிசின் திரவம் இறங்கி, இறுகி, ஆயிரக்கணக்கான வேர் விட்டது போலப் பிடித்துக்கொள்கிறது.

சுவர் தயார். பூச்சு வேண்டுமே? அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் இருந்த ரஃபேல் போவன் என்பவர் அதைக் கொடுத்தார். உறுதியான ஒரு பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்த கலவை. 1962இல் காப்புரிமை பெற்றார். அதுதான் இன்று நாம் காம்போசிட் என்கிற பசையின் தாய். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் ஈரமானது, அதில் ஒட்டுவது பெரும்பாடு. ஜப்பானில் ஃபுசயாமா 1979இல் வழி காட்ட, நகபயாஷி 1982இல் பிசினும் டென்டினும் பின்னிக்கொள்ளும் அடுக்கை விளக்கினார். ஆக, நான் 1984இல் நண்பரின் பல்லை ராவிக்கொண்டிருந்தபோது, ராவாமல் ஒட்டும் வித்தை உலகத்தில் முழுதாக வந்துவிட்டது. எனக்குத்தான் வந்து சேரவில்லை. பெட்டி வந்திருந்தது, புத்தி வரவில்லை.

என் கிளினிக்குக்கு லைட் மிஷின் வந்தது 1989இல். அதன் பிறகுதான் இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டேன். எப்படிச் செய்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது டாக்டர் சரியாகச் செய்கிறாரா என்று தெரிய வேண்டாமா?

முதலில் நிறம் பார்க்க வேண்டும். பல் ஈரமாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில். பல் காய்ந்தால் வெளுத்துவிடும், அப்போது பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் வீட்டுக்குப் போனதும் தனியாகத் தெரியும். சின்ன உடைவுக்கு மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது. பிறகு எச்சிலைத் தடுக்க ரப்பர் ஷீட்டோ பஞ்சுச் சுருளோ வைப்போம். இந்த வேலைக்குப் பெரிய சத்ரு எச்சில்தான். கொத்திய சுவரில் எண்ணெய் தடவிவிட்டால் பூச்சு பிடிக்குமா? அப்புறம் உடைந்த விளிம்பை மெல்லச் சரித்துவிட்டு, நீலக் கூழைத் தடவி, கழுவி, உலர்த்தினால் அந்த இடம் சாக்பீஸ் போல வெளுத்திருக்கும். அதன் மேல் ஒட்டுத் திரவம், அதற்கு ஒரு முறை லைட். பிறகு பசையை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். ஒரு அடுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒளி அடி வரை இறங்காது, மேலே கல்லாக இருக்கும், அடியில் களியாக இருக்கும். பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதற்காகவும்தான் அடுக்கடுக்கு. நீல ஒளி பட்டதும், அடுக்குக்கு 20 வினாடி வாக்கில் இறுகிவிடும். அது சூட்டில் இறுகுவது இல்லை, நீல ஒளியை உறிஞ்சும் ஒரு வேதிப்பொருள் பசைக்குள் இருக்கிறது. அந்த ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது, அதனால்தான் ஆரஞ்சுக் கண்ணாடி. கடைசியாக வடிவம் செதுக்கி, கடி சரிபார்த்து, மெருகு. ஒரு பல்லுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஒரே வருகை. அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

இப்போது நம்ம ஊர்ப் பல்லுக்கு வருகிறேன். தர்மபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பி.டி.எஸ். சேர்ந்த முதல் வாரம். ஒரு பேராசிரியர் என்னைச் சிரிக்கச் சொல்லி, "தர்மபுரியா?" என்றார். விலாசம் என் பல்லிலேயே எழுதியிருந்தது. மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாக. நீங்களும் கொஞ்சம் சிரியுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். இது பல் விளக்காததால் வந்த அழுக்கு இல்லை. குடித்த தண்ணீர். பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஃப்ளூரைடு அதிகமான கிணற்று நீரையும் போர் நீரையும் குடித்தால் எனாமல் சரியாக விளையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் பக்கத்துப் பல கிராமங்களின் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது இந்தக் காரணத்துக்காகத்தான். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் பிறந்தவர்கள்? எத்தனையோ பெண்கள் என் கிளினிக்குக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே, திமிரா?" என்று கேட்டுவிட்டுப் போன கதையை ஒரு அம்மா அழுதுகொண்டே சொன்னார். திமிர் இல்லை அய்யா, தண்ணீர்!

இவர்களுக்கு முன்பெல்லாம் நான் கேப்தான் சொல்வேன். ஆறு பல்லையும் ராவி ஆறு கேப். 1990க்குப் பிறகு சொல்லவில்லை. லேசான கறைக்கு மேற்பரப்பை நுணுக்கமாகத் தேய்த்தும் வெளுக்க வைத்துமே பாதி போய்விடும். மிச்சத்துக்கு முன்பக்கம் மட்டும் மெல்லிய காம்போசிட் பூச்சு. ஃப்ளூரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. அதனால் மேல்தோலை லேசாகச் சுரண்டிவிட்டு, அமிலத்தையும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இது தெரியாமல் செய்தால் ஒரே மாதத்தில் கழன்று வரும். எனக்கும் முதலில் கழன்று வந்திருக்கிறது. "டாக்டர், உங்க பூச்சு என் இட்லியில வந்துடுச்சு" என்று பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்தார் ஒரு டீச்சர். திரும்ப ஒட்டினேன், காசு வாங்கவில்லை. கழன்ற பூச்சைத் திரும்பப் பூசலாம். அடியில் பல் இருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன்.

2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பல்லுக்கு முழு கேப் போட எவ்வளவு பல்லை எடுக்க வேண்டியிருக்கிறது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். வெளியே தெரிகிற பல்லில் 63 முதல் 72 சதவீதம்! மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. நகம் வெட்டினால் வளரும், முடி வெட்டினால் வளரும் (சில பேருக்கு வளராது, முன்வரிசையிலேயே பார்க்கிறேன்). எனாமல் வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால்கூடக் கூடும். ராவிய பல் திரும்பி வராது.

இவ்வளவு சொன்னதால் பாண்டிங் ஒரு சஞ்சீவி என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதன் குறைகளையும் சொன்னால்தான் நான் யோக்கியன்.

ஒன்று, இது நிரந்தரம் இல்லை. முன்பல்லில் ஐந்திலிருந்து பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மெருகு போட வேண்டிவரும், ஓரம் உதிர்ந்தால் ஒட்டுப்போட வேண்டிவரும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. இரண்டு, கறை பிடிக்கும். காபி, டீ, பீடி, சிகரெட், வெற்றிலைபாக்கு எல்லாம் அதில் ஏறும். நம் சாம்பாரில் இருக்கிற மஞ்சளும் ஏறும். மூன்று, வெளுக்க வைக்கிற மருந்து உங்கள் பல்லைத்தான் வெளுக்கும், காம்போசிட்டை வெளுக்காது. அதனால் வெளுப்பதென்றால் முதலில் அதை முடித்து, ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும். உடனே ஒட்டினால் பிடிப்பும் குறையும். நான்கு, ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், பல்லால் சோடா மூடி திறக்கும் வீரர்கள், நகம் கடிப்பவர்கள், இவர்கள் வாயில் அது தாங்காது. ஈறு நோயும் சொத்தையும் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், அப்புறம்தான் அழகு.

கேப்பே தப்பு என்றும் சொல்லவில்லை. ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல், பாதிக்கு மேல் இடிந்து போன பல், இவற்றுக்குக் கேப்தான் காவல். அங்கே ஒட்டு வேலை செய்கிறேன் என்பவரும் தப்புத்தான் செய்கிறார். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டத்தான் வேண்டும். அரிசி அளவு சில்லுக்கு வெட்டக் கூடாது.

இன்றைக்குத் தெருவுக்குத் தெரு போர்டு. ஒரே நாளில் சினிமா நட்சத்திரச் சிரிப்பு என்கிறார்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது போல மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பல் வரிசையும் புக் செய்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போவார்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். "என் பல்லை எவ்வளவு ராவப் போறீங்க? ராவாம ஒட்டி சரிபண்ண முடியுமா? இது பத்து வருஷம் கழிச்சுக் கெட்டுப்போனா அடுத்து என்ன?" நல்ல டாக்டர் உட்கார வைத்து விளக்கம் சொல்வார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பல் நடுவில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று உங்கள் மாமியார் சொல்லியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். நான்கூட மூட மாட்டேன்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கல் தூள், கரி, உப்பு போட்டுத் தேய்த்த தலைமுறை நாம். அப்புறம் முரட்டு பிரஷ்ஷால் ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே தேய்த்தோம். ஈறோரத்தில் பல் குழிந்து, தண்ணீர் பட்டால் சுர்ரென்கிறதா? அதையும் ராவாமல் ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் பிரஷ்ஷை மாற்றாமல் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை.

கடைசியாக, மீண்டும் நம் நண்பரிடம் வருகிறேன்.

2019இல் ஒரு நாள் சாயங்காலம் கிளினிக் வாசலில் ஆட்டோ நின்றது. நண்பர், அவர் மகள், ஒன்பது வயசுப் பேத்தி. பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து மேல் முன்பல் பாதி உடைந்திருந்தது. குழந்தை அழுகை, அம்மா அதைவிட அழுகை. "மாமா, இது பால் பல்லு இல்லையே மாமா, நிரந்தரப் பல்லாச்சே" என்கிறாள். நண்பர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே பால். பாலுக்குள் உடைந்த துண்டு. எந்தக் காலத்திலோ நான் ரோட்டரி கூட்டத்தில் பேசியதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.

டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "டேய், என்ன வேணா பண்ணு. ராவ மட்டும் ராவாதே."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னதும் குறை இல்லை. ஆனால் எனக்குக் கையிலிருந்த டப்பா ஆடியது.

துண்டை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. நரம்பு வெளியே தெரியவில்லை. துண்டிலும் பல்லிலும் அமிலக் கூழ், ஒட்டுத் திரவம், நடுவில் கொஞ்சம் காம்போசிட், லைட். அவள் பல்லே அவளுக்கு ஒட்டுப் பொருள். முக்கால் மணி நேரம். ஒன்பது வயதில் உள்ளே நரம்பு பெரிதாக இருக்கும், வேர் நுனியும் முழுதாக மூடியிருக்காது. அந்த வயதில் ராவியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியுமே. கண்ணாடியைக் கொடுத்ததும், "டாக்டர் தாத்தா, எது உடைஞ்ச பல்லு?" என்று கேட்டாள். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 2023இல் விளிம்பில் லேசாகக் கோடு தெரிந்தது, மெருகு போட்டேன். நரம்பு உயிரோடு இருக்கிறது. என்றைக்காவது அந்தத் துண்டு மறுபடி கழலலாம். கழன்றால் திரும்ப ஒட்டுவோம். அடியில் அவள் பல் இருக்கிறது.

பேரப்பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல் துண்டு உடைந்தால் தேடி எடுங்கள், கழுவி, பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுவாருங்கள். நிரந்தரப் பல் முழுதாக வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது. மேல்பக்கத்தைப் பிடித்து, அழுக்கு இருந்தால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள். விழுந்தது பால் பல்லானால் திரும்ப வைக்க வேண்டாம். டாக்டரிடம் காட்டினால் போதும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் இருக்கும்போதே சொல்ல வேண்டியதை நான் இன்று சொல்லிவிட்டேன். இந்த மேடையில், இத்தனை பேர் முன்னால், அந்த நண்பரிடம் 1984க்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "விடுடா, பிரியாணி ஆறுது" என்று அவர் சைகை காட்டுகிறார்.

 எல்லோரும் மென்று சாப்பிடுங்கள். எலும்பை மட்டும் முன்பல்லால் கடிக்காதீர்கள்.